70 மி.மீ. பிஸ்டன் எல்லாம் ஒன்றல்ல: பழைய புல்லட்டுக்குப் பாகம் தேடிய பதிவு

ஆர்.சி. புத்தகத்தில் 1982 என்று இருக்கிறது. வண்டியோ அந்த ஒரு வருஷத்தில் நிற்கவில்லை. பிரேமும் கிராங்க்கேஸும் (எஞ்சினின் அடிக்கூடு) 1982தான். முன் சக்கரத்தில் இருப்பது பின்னால் வந்த மாடலின் 7 இஞ்ச் டிரம். ஹார்ன் 12 வோல்ட், இக்னிஷன் காயில் 6 வோல்ட். பின் மட்கார்டைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் மட்டும் மூன்று வகை மரை.

ராயல் என்ஃபீல்டு புல்லட் 350, இரும்பு பேரல் (சிலிண்டர்) எஞ்சின். இந்த வண்டியைப் பற்றி எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "ஸ்பேர்ஸுக்குக் கவலையே வேண்டாம், எங்கேயும் கிடைக்கும்." உண்மைதான், ஆனால் தொல்லையும் அங்கேதான் இருக்கிறது. கிடைக்காத வண்டி என்றால் தேடித் தேடிச் சரியான பாகத்தோடுதான் வீட்டுக்கு வருவோம். புல்லட்டுக்கு ஏதோ ஒன்று உடனே கிடைத்துவிடும், அது உள்ளேயும் போய்விடும். உள்ளே போனது சேர்ந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை.

இங்கிலாந்தின் ரெடிச்சிலிருந்து வந்த பாகங்களை வைத்து 1955இல் மெட்ராஸில் இந்த வண்டியைப் பூட்ட ஆரம்பித்தார்கள். அப்புறம் அச்சும் டூலும் வாங்கித் திருவொற்றியூரிலேயே முழுதாகச் செய்தார்கள். ரெடிச் ஆலை மூடிய பிறகும் இங்கே அதே எஞ்சின் 2000களின் பிற்பகுதி வரை ஓடியது. வெளியிலிருந்து பார்த்தால் அரை நூற்றாண்டாக ஒரே வண்டி. உள்ளே மரை மாறியிருக்கிறது, வோல்ட் மாறியிருக்கிறது, கார்புரேட்டர், பிரேக், கியர்பாக்ஸ் எல்லாம் ஒவ்வொரு சமயத்தில் மாறியிருக்கின்றன. கூடவே ஒவ்வொரு ஓனரும் ஒவ்வொரு மெக்கானிக்கும் தங்கள் பங்குக்கு ஒன்றை மாற்றியிருக்கிறார்கள். எனவே "என்ன மாடல் வண்டி?" என்று கடைக்காரர் கேட்டால் ஒரே பதிலாகச் சொல்ல முடியாது. எந்தப் பாகத்துக்காகக் கேட்கிறார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

கழற்றும்போதே எழுதுவது

வண்டியைப் பிரிக்கும்போது ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு அட்டை கட்டினேன். அட்டையில் பாகத்தின் பெயர், எங்கே இருந்தது, எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, வெர்னியரில் அளந்த அளவு, மேலே ஏதாவது எண் அடித்திருந்தால் அது. போட்டோ எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். போட்டோவில் 8 மி.மீ. போல்ட்டும் ரெண்டரை நூல் (5/16 இஞ்ச்) போல்ட்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

பிறகு எல்லாவற்றையும் மூன்று டப்பாவில் பிரித்தேன். வண்டியோடு பிறந்தவை ஒன்று. பின்னால் வந்தவை, ஆனால் சரியாக வேலை செய்பவை இரண்டாவது. பலவந்தமாக நுழைக்கப்பட்டவை மூன்றாவது. மூன்றாவது டப்பாதான் சீக்கிரம் நிறைந்தது. பழைய பார்ட்ஸ் புத்தகத்தின் நகல் ஒன்று கையில் இருந்தது. அதிலுள்ள படமும் பார்ட் நம்பரும் முதல் டப்பாவை உறுதிசெய்ய நன்றாக உதவும். மற்ற இரண்டுக்கும் வெர்னியர்தான் வழி.

இதற்கு வேண்டிய கருவிகள் அதிகமில்லை: வெர்னியர், பில்லர் கேஜ் (இடுக்கு அளக்கும் மெல்லிய இலைகள்), மல்ட்டிமீட்டர், ஒரு நல்ல ஸ்டீல் ஸ்கேல், மரை கேஜ் (ஒவ்வொரு மரைக்கும் பல் வெட்டிய இலைகள்). மரை கேஜ் வாங்கும்போது மெட்ரிக் மட்டும் உள்ளதை வாங்கிவிடாதீர்கள். 55 டிகிரி விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் மரை) இலைகளும் இருக்க வேண்டும், முக்கியமாக சைக்கிள் த்ரெட்டுக்கான, இஞ்சுக்கு 26 பல் உள்ள 60 டிகிரி இலை இருக்க வேண்டும். இந்த வண்டியில் அதிகம் கைக்கு வரும் இலை அதுதான்.

மரை

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய புல்லட்டில் பாதி கோளாறு மரையில்தான் தொடங்குகிறது.

ரெடிச் காலத்து வடிவம் என்பதால் இந்த வண்டியின் அடிப்படை மரைகள் பிரிட்டிஷ் வகை: சைக்கிள் த்ரெட், பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் ஃபைன்), சில இடங்களில் விட்வொர்த். பிற்கால வண்டிகளில் பல இடங்களில் மெட்ரிக் வந்துவிட்டது. ஆகவே ஒரு பிற்கால பாகத்தைப் பழைய வண்டியில் மாட்டும்போது அதோடு வரும் போல்ட்டும் வேறாகத்தான் இருக்கும்.

பின் மட்கார்ட் ஸ்டே (தாங்கு கம்பி) போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேமில் இருக்கும் மரை 5/16 இஞ்ச் சைக்கிள் த்ரெட், இஞ்சுக்கு 26 பல். நம் ஊர்ப் பட்டறை மொழியில் ரெண்டரை நூல். ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. ரெண்டரை நூல் என்றால் 5/16. மில்லியில் 7.94. யாரோ அதில் 8 மி.மீ. ஃபைன் போல்ட், அதாவது ஒரு மில்லி பிட்ச் கொண்டதை, முறுக்கி ஏற்றியிருந்தார்கள். 26 பல் என்றால் பிட்ச் 0.977 மி.மீ. வித்தியாசம் ஒரு பல்லுக்கு 0.023 மி.மீ.தான். அதனால் முதல் இரண்டு சுற்று கையாலேயே போகும். மூன்றாவது சுற்றில் பிடிக்கும். "மரையில் துரு இருக்கு" என்று நினைத்து ஸ்பேனர் போட்டால் மிச்சமும் போகும். பத்துப் பல் தாண்டும்போது கால் மில்லிக்குப் பக்கத்தில் விலகல் சேர்ந்துவிடும், அதற்குள் உள்ளே இருக்கும் மரை நசுங்கி வேறு வடிவத்துக்கு வந்திருக்கும். போல்ட் இறுகினது போலவே இருக்கும். ஆனால் பிடித்திருப்பது ஒன்றிரண்டு பல்தான்.

ஹார்ட்வேர் கடையில் "ரெண்டரை நூல் போல்ட்" என்று கேட்டாலும் தப்பாகத்தான் வரும். கடையில் சாதாரணமாக வைத்திருப்பது விட்வொர்த், இஞ்சுக்கு 18 பல். தடிமன் அதேதான், பல் எண்ணிக்கை வேறு. பி.எஸ்.எஃப். என்றால் அதே ரெண்டரை நூலுக்கு 22 பல். ஆக ஒரே தடிமனில் 18, 22, 26 என்று மூன்று இருக்கின்றன. நூல் கணக்கைச் சொன்னால் மட்டும் போதாது, பல் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னொன்று, 5/16 விட்வொர்த்தும் அமெரிக்க யு.என்.சி.யும் இரண்டுமே 18 பல். ஒன்றில் மரைக் கோணம் 55 டிகிரி, மற்றதில் 60. நட் ஏறிவிடும், ஆனால் மரையின் பக்கச் சரிவுகள் முழுதாக உட்காராது. மட்கார்டுக்குப் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். எஞ்சின் மவுண்டுக்கு விடமாட்டேன்.

ஸ்பேனர் கதையும் இதோடு சேர்ந்ததுதான். கால் இஞ்ச் விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 13.3 மி.மீ. 13 நம்பர் ஸ்பேனர் உள்ளே போகாது. 14 போகும், ஆனால் ஆடும். அந்த ஆட்டத்தில்தான் இந்த வண்டியின் பாதி நட்டுகள் மூலை மழுங்கிப் போயிருந்தன. நட்டின் மூலை மழுங்கியிருந்தால் உள்ளே மரை நல்லதாக இருக்கும் என்று நம்பலாம், யாரோ ஒருவர் சரியான நட்டைத் தப்பான ஸ்பேனரில் கழற்றியிருக்கிறார். மூலை புத்தம் புதிதாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கெட்டுப்போன மரைகளை என்ன செய்வது? "எல்லாத்தையும் மில்லிக்கு மாத்திடலாம், ஈஸி" என்றுதான் முதலில் யாரும் சொல்வார்கள். பிரேமில் இருப்பதை 8 மி.மீ. டேப் (மரை வெட்டும் கருவி) போட்டுப் பெருக்கலாம்தான். அப்படிச் செய்தால் இந்த வண்டியைப் பிறகு கையில் எடுப்பவர் எந்த ஓட்டையில் எது என்று திரும்பவும் முதலிலிருந்து தேட வேண்டும். லேத் பட்டறை அண்ணன் நல்ல வழி சொன்னார். "பிரேம்ல இருக்கறதை 26ல சுத்தம் பண்ணிடறேன். அதுவும் நிக்கலேன்னா படி வெச்ச ஸ்டட் கடைஞ்சு தர்றேன். உள்ள போற பக்கம் ஒரு சைஸ் பெருசு, வெளிய வர்ற பக்கம் உங்க பழைய சைஸ்." பெரும்பாலான இடத்தில் 26 பல் டேப் ஓட்டியதே போதுமாயிற்று. படி ஸ்டட் தேவைப்பட்டது ஸ்டே போல்ட்டுக்கு மட்டும்.

70 மி.மீ. என்ற பொறி

எஞ்சினின் போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ., 346 சி.சி. பழைய இரும்பு எஞ்சினுக்கு இது. பின்னால் வந்த ஏ.வி.எல். லீன் பர்ன் எஞ்சின் 350க்கும் 70 x 90தான். அதற்கும் பின்னால் வந்த யு.சி.இ. (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில்) 350க்கும் அதே 70 x 90. மூன்று தலைமுறை எஞ்சின், ஒரே எண். கடையில் "புல்லட் 350 பிஸ்டன், ஸ்டாண்டர்டு" என்று மட்டும் கேட்டால் மூன்றில் எது வேண்டுமானாலும் வரலாம். மூன்றும் உங்கள் பேரலுக்குள் இறங்கும்.

இறங்கினால் ஆயிற்றா? பிஸ்டன் பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை உள்ள உயரம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும் இடம் மாறும், கம்ப்ரஷன் மாறும், மோசமானால் வால்வில் இடிக்கும். தலையின் வடிவம், பின்னின் தடிமன், ரிங் காடியின் அகலம், பின் உட்காரும் இடத்தின் அகலம் எல்லாம் பொருந்த வேண்டும். புதிய எஞ்சின்கள் அதிகக் கம்ப்ரஷனுக்காக வடிவமைத்தவை. அவற்றின் பிஸ்டன் தலையும் அந்த எஞ்சின் ஹெட்டுக்காகச் செய்தது. அதனால் பழைய பிஸ்டனைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். உடைந்த பிஸ்டனாக இருந்தாலும் பின் பக்கம் நன்றாக இருந்தால் போதும், அளந்துவிடலாம்.

இரண்டாவது விஷயம் ஓவர்சைஸ். இந்த பேரல் ஏற்கெனவே ஒருமுறை போர் ஆனது, அதாவது உள்ளே வெட்டிப் பெரிதாக்கியது. மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அளக்கச் சொன்னேன். ரிங் நின்று திரும்பும் மேல்பகுதியில் தேய்மானம் அதிகம், அடியில் கிட்டத்தட்ட இல்லை. முன் போர் 20 தவ், அதாவது 0.020 இஞ்ச், 0.508 மி.மீ. அடுத்தது 40 தவ். இதில் நான் விட்டுக்கொடுக்காத வரிசை ஒன்று உண்டு: முதலில் பிஸ்டனை வாங்கு, அதை மைக்ரோமீட்டரில் அள, அந்தப் பிஸ்டனைப் பட்டறையில் கொடு, அப்புறம்தான் போர். "40 போடுங்க, பிஸ்டன் அப்புறம் வாங்கிக்கறேன்" என்று விட்டுவிட்டு வந்தால், பேரலைப் பெட்டியில் எழுதியிருக்கும் அளவுக்கு வெட்டுவார்கள். பெட்டியில் இருக்கும் பிஸ்டனோ வேறு அளவாக இருக்கும். ஒரே மேக்கிங்கில் வாங்கிய இரண்டு பிஸ்டனுக்கு நடுவில்கூட மைக்ரோமீட்டர் வித்தியாசம் காட்டும்.

ரிங்கையும் பேரலுக்குள் தனியாக இறக்கி, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கி, முனை இடைவெளியில் பில்லர் கேஜ் விட்டுப் பார்த்தேன். இந்தப் போருக்கு 0.25 முதல் 0.30 மி.மீ. வரை இருந்தால் நல்லது. ஒரு ரிங் முனைக்கு முனை ஒட்டியே நின்றது. சூடேறினால் அது பேரலைக் கீறியிருக்கும். நுண் அரத்தால் இரண்டு இழுப்பு, சரியாகிவிட்டது.

கிராங்க்கேஸைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. இடது பாதியும் வலது பாதியும் சேர்த்து வைத்துத் துளைத்தவை. ஒரு பாதி உடைந்திருக்கிறது என்பதற்காக வேறு வண்டியின் பாதியை வாங்கிப் போடுவது பழைய இரும்புக் கடையில் சகஜம். பேரிங் வரிசை நேராக இருக்குமா என்பது அதிர்ஷ்டம்தான்.

பேரிங்கிற்கு வண்டிப் பெயர் தேவையில்லை

பேரிங் வாங்க ஸ்பேர்ஸ் கடைக்குப் போகவே வேண்டாம். பழையதைத் துடைத்தால் எண் தெரியும். அந்த எண்ணோடு பேரிங் கடைக்குப் போனால் போதும். 6203 என்றால் உலகம் முழுக்க உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மி.மீ.தான். அது புல்லட்டில் இருந்து வந்ததா கிரைண்டரில் இருந்து வந்ததா என்பது பேரிங்கிற்குத் தெரியாது.

ஆனால் அளவு ஒன்று என்பதற்காக பேரிங் ஒன்றாகிவிடாது. 6305, என்.யு.305, என்.ஜே.305 மூன்றுமே 25 x 62 x 17. ஒரே துளையில் மூன்றும் உட்காரும். முதலாவது பால் பேரிங். பக்கவாட்டு விசையையும் தாங்கும். இரண்டாவது உருளை பேரிங். உள் வளையத்தில் விளிம்பே இல்லை, ஷாஃப்ட் பக்கவாட்டில் நகர்ந்துகொள்ளலாம். மூன்றாவதில் ஒரு பக்கம் மட்டும் விளிம்பு. கிராங்க்கை எந்த பேரிங் பக்கவாட்டில் பிடித்து நிறுத்துகிறது, எது நகரவிடுகிறது என்று வடிவமைத்தவர் யோசித்து வைத்திருப்பார். இடம் மாற்றிப் போட்டால் ஒன்று கிராங்க் முன்னும் பின்னும் அலையும், அல்லது சூடேறியதும் நீள வழியில்லாமல் இறுகும். அட்டை கட்டியதன் பலன் இங்கேதான் தெரிந்தது. எந்தப் பக்கம் எது என்று ஞாபகத்தில் தேட வேண்டியிருக்கவில்லை.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் படியுங்கள். சி3 என்றால் உள்ளே கூடுதல் இடைவெளி, சூடாகும் இடத்துக்கானது. கிராங்க்கேஸில் சி3 இருந்த இடத்தில் சாதாரணத்தைப் போட்டால் கையில் சுற்றும்போது அருமையாக இருக்கும், சூடானதும் இறுகும். இசட்.இசட். தகரமூடி, 2ஆர்.எஸ். ரப்பர் மூடி. எஞ்சினுக்குள் எண்ணெய் வழியாக ஓட வேண்டிய பேரிங்கிற்கு மூடி போட்டது வேண்டாம்.

புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும்

புது பாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழைய பாகத்துக்குப் புதுப்பேட்டை. சென்னையில் இது எல்லாருக்கும் தெரிந்த வழி. புதுப்பேட்டையில் ஒரு பாயிடம் பழைய கார்புரேட்டர் பாடி கேட்டேன்.

"உன் வண்டி எது தம்பி?"

"எண்பத்திரண்டு ஸ்டாண்டர்டு பாய். 24 மில்லி மிக்கார்ப்."

"மில்லி சொல்றியே, பரவாயில்ல. முக்காவாசிப் பேரு புல்லட்னுதான் சொல்வான். 500து 28 மில்லி. அதைக் கொண்டு போய் மாட்டிட்டு இழுக்கலேன்னு திரும்ப வருவான்."

மிக்கார்ப் கார்புரேட்டரில் 350க்கு வி.எம்.24, 500க்கு வி.எம்.28. வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றுதான், பிஸ்டன் வால்வின் விட்டத்தை அளந்தால்தான் உறுதியாகத் தெரியும். அதற்கும் பழைய வண்டிகளில் அமால் மோனோபிளாக் கார்புரேட்டர் இருக்கும். அமால் ஜெட்டில் (பெட்ரோல் பாயும் சின்ன ஓட்டை உள்ள திருகு) அடித்திருக்கும் எண் நிமிஷத்துக்கு எத்தனை சி.சி. பெட்ரோல் பாய்கிறது என்ற கணக்கு. மிக்கார்ப்பில் வரும் மிக்குனி வகை ஜெட்டின் எண் வேறு கணக்கு. அமாலில் இருந்த எண்ணையே மிக்கார்ப்பில் தேடி வாங்குவதில் அர்த்தமே இல்லை. பாயிடம் வாங்கிய பாடியில் மெயின் ஜெட்டைக் கம்பி விட்டுப் பெருக்கியிருந்தார்கள். எண் பழையபடியே இருக்க, ஓட்டை மட்டும் பெரிதாகியிருந்தது. பாடியை மட்டும் எடுத்துக்கொண்டு ஜெட், ஊசி, ஊசி ஜெட் எல்லாம் புதிது வாங்கினேன். இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் பெட்ரோல் பைப்பும் பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கின் வாஷரும் அதில் ஊறி உப்பும், வெடிக்கும். அந்த இரண்டையும் ஒரிஜினல் என்று பத்திரப்படுத்தத் தேவையில்லை.

கடைக்குப் போகும்போது நான் கடைப்பிடிப்பது: பழைய பாகம் பையில், வெர்னியர் பாக்கெட்டில். "செட் ஆகலேன்னா மாத்திக் கொடுப்பீங்களா அண்ணே?" என்று முதலிலேயே கேட்டுவிடுவது. அப்படிக் கேட்டு வாங்கியதைக் கவர் பிரிக்காமல், எண்ணெய் படாமல் வெறுமனே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. மாட்டிப் பார்த்துவிட்டால் எந்தக் கடையிலும் திரும்ப எடுக்கமாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

ஒரு கடையில் ஐந்து கியர் பாக்ஸ் ஒன்றை விடாமல் காட்டினார்கள். பழைய நான்கு கியர் பாக்ஸில் ஷிஃப்ட் வலது காலில், பிரேக் இடது காலில். புதியது இரும்பு எஞ்சினுக்குப் பின்னால் அப்படியே போல்ட் ஆகும். அதில் பொய் இல்லை. ஆனால் இடது கால் ஷிஃப்ட் வந்தால் பிரேக் பெடல் வலது பக்கம் போக வேண்டும், அதற்கான தண்டும் ராடும் மாற வேண்டும். ஒரு பாகத்தின் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடக்கூடாத இடம் இது. நான் நான்கு கியரோடு இருந்துவிட்டேன். வலது காலில் மேலே ஒன்று, கீழே மூன்று, பழகிவிட்டால் போதும்.

மின்சாரத்தில் பாதி மாற்றம் கிடையாது

6 வோல்ட்டை அப்படியே வைத்திருக்கலாம், அல்லது முழுக்க 12க்குப் போகலாம். இரண்டும் சரியான வழிகள். என் வண்டியில் இருந்தது மூன்றாவது வழி. பேட்டரியும் ஹார்னும் 12, காயில் 6.

மல்ட்டிமீட்டரில் காயிலின் பிரைமரி 1.5 ஓம் காட்டியது. 6 வோல்ட்டில் 4 ஆம்பியர் ஓடும். 12 கொடுத்தால் 8 ஆம்பியர். பாயின்ட் (காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டும் தொடுமுனை) கருகிப்போயிருந்த காரணம் அங்கே தெரிந்துவிட்டது. முன்னால் பார்த்த மெக்கானிக் பாயின்ட்டையும் கன்டென்சரையும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார், டூல் பாக்ஸில் கருகிய பாயின்ட் ஒரு கை அளவு கிடந்தது. 12 வோல்ட் காயிலுக்கு பிரைமரி மூன்று, நான்கு ஓம் இருக்கும். பாயின்ட் வழியாகப் போவது பழையபடி 3, 4 ஆம்பியருக்குள் நிற்கும்.

முழுக்க 12க்குப் போவது என்று முடிவெடுத்தேன். மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டரும் ரோட்டரும், ரெகுலேட்டர், காயில், எல்லா பல்புகளும். ஹார்ன் ஏற்கெனவே இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே உள்ள காற்று இடைவெளி. புது ஸ்டேட்டர் பழைய ஸ்டட்டில் உட்கார்ந்துவிட்டது. ரோட்டரைக் கையால் சுற்றினால் எங்கேயும் உரசவில்லை. பில்லர் கேஜ் விட்டால்தான் தெரிந்தது, ஒரு பக்கம் தாராளமாக இடம், எதிர்ப்பக்கம் 0.2 மி.மீ. இலைகூட நுழையவில்லை. எஞ்சின் ஓடும்போது கிராங்க் கொஞ்சம் அசையும், அப்போது உரசும். ஸ்டட்டில் முன்பு யாரோ வெல்டு வைத்திருந்தது சற்றே சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்திய பிறகு சுற்றிலும் 0.2 இலை தடையில்லாமல் போனது.

6 வோல்ட்டின் வயரிங்கை 12க்கு வைத்துக்கொள்ளலாமா என்றால், தடிமனைப் பொறுத்தவரை தாராளமாக. அதே 35 வாட் பல்புக்கு 6 வோல்ட்டில் கிட்டத்தட்ட 6 ஆம்பியர் வேண்டும், 12இல் 3 போதும். ஆனால் நாற்பது வருஷத்து இன்சுலேஷன் தொட்டால் உதிர்ந்தது. வயரிங் புதிது.

சக்கரமும் செயினும்

முன் சக்கரத்தில் இருந்த 7 இஞ்ச் டிரம் இரண்டாவது டப்பா வகை: வண்டியோடு பிறந்ததில்லை, ஆனால் இரட்டை லீடிங் ஷூ, பழைய 6 இஞ்சை விட நன்றாக நிற்கும். ஒரிஜினல் வேண்டும் என்பவர்கள் இதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். நான் வைத்துக்கொண்டேன். அதற்கு முன் பார்த்தது, பிரேக் பிளேட்டைத் திரும்பவிடாமல் பிடிக்கும் இடம் ஃபோர்க்கில் சரியாக இருக்கிறதா என்றுதான். பிரேக் பிடிக்கும் விசை முழுதும் அந்த ஓர் இடத்தில் விழும். அங்கே பட்டையை வளைத்து ஒப்பேற்றியிருந்தால் சக்கரத்தையே மாற்றியிருப்பேன். நல்லவேளை, ஃபோர்க் காலும் அந்த மாடலுடையதாகவே இருந்தது.

ரிம் 19 இஞ்ச், டயர் 3.25-19. ரிம்மை மட்டும் புதிதாக வாங்கினால் ஸ்போக் ஓட்டை எண்ணிக்கையும் ஹப்பும் பொருந்த வேண்டும் என்பது தெரிந்ததே. ஓட்டைகள் எந்தக் கோணத்தில் குழிந்திருக்கின்றன என்பதையும் பாருங்கள். வேறு ஹப்புக்கான ரிம்மில் நிப்பிள் சாய்ந்து உட்காரும், அந்த ஸ்போக்தான் கழுத்தில் முறியும்.

முன் ஸ்ப்ராக்கெட் 16 பல், பின்னால் 38. கடையில் கொடுத்தது 17 பல், 500க்கானது. போடலாம், ஆறு சதவீதம் கியர் நீளும், நெடுஞ்சாலையில் சுகமாக இருக்கும், மேட்டில் இழுக்காது. நான் 16தான் கேட்டு வாங்கினேன். மாட்டியதும் முன் ஸ்ப்ராக்கெட்டின் முகத்திலிருந்து பின் ஸ்ப்ராக்கெட் வரை ஸ்டீல் ஸ்கேலைப் பிடித்துப் பார்த்தேன். பின்னால் இரண்டு மில்லி வெளியே நின்றது. பல் எண்ணிக்கை சரி, செயின் அளவு சரி, குழிவு மட்டும் வேறு மேக்கிங். சக்கர ஸ்பேசரைக் கடைந்து சரிசெய்யலாம் என்று பட்டறையில் சொன்னார்கள். அப்படிச் செய்தால் சக்கரம் நடுக்கோட்டிலிருந்து விலகும். ஸ்ப்ராக்கெட்டையே மாற்றிக்கொண்டேன்.

ஆர்.டி.ஓ.

பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அப்போது சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுப்பார்கள். நம்பர் இல்லாத புது கிராங்க்கேஸ் போட்டுவிட்டு அங்கே போய் நின்றால் பதில் சொல்லி மாளாது. எஞ்சின் மாற்றம் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின் கீழ் ஆர்.சி.யில் ஏற வேண்டிய விஷயம். ஆகவே பிரேமைப் பெயின்ட் கடைக்குக் கொடுக்கும்போது நம்பர் இருக்கும் இடத்தில் டேப் ஒட்டி, பட்டி பூசக்கூடாது என்று எழுதியும் கொடுத்தேன். பெயின்டர்களுக்குப் பள்ளம் கண்டால் கை சும்மா இருக்காது.

இப்போது எஞ்சின் பூட்டி பிரேமில் ஏறிவிட்டது. டேப்பட் இடைவெளி குளிர்ந்த நிலையில் பூஜ்யம். வால்வை இயக்கும் புஷ் ராடு விரலால் திருப்பினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. பாயின்ட் 0.35 மி.மீ.யில் வைத்திருக்கிறேன். பாக்கி இருப்பது ஸ்பீடோமீட்டர் கேபிள். 7 இஞ்ச் டிரம் உள்ள முன் சக்கரத்தின் டிரைவ் முனையும் பழைய மீட்டரின் முனையும் ஒரே காலத்தவை இல்லை. ஒன்றில் நட் மரை 26 பல், மற்றதில் மெட்ரிக். உள்கம்பியின் சதுர முனையை இரண்டு பக்கமும் அளந்து, வெளியுறையின் நீளத்தையும் சேர்த்துக் கேபிள் செய்து தருபவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வந்து மாட்டியதும், டயரின் சுற்றளவைத் தரையில் உருட்டி அளந்து, மீட்டர் ஒரு கிலோமீட்டர் என்று காட்டுவது உண்மையில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.